பு-அர் தேநீர்: அந்த மண்வாசனை கெட்டுப்போனதன் அடையாளமா?

கேள்வி இதுதான்: "தென் சீன நகரமான குவாங்ஜோவில் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் வறட்டி மாதிரி வட்டமான தேயிலைக் கட்டி ஒன்றைக் கொடுத்தார். மேலே சீன எழுத்து அச்சடித்த மெல்லிய காகிதம். பழசாக ஆக விலை ஏறும் என்றார். கொஞ்சம் உடைத்துக் கொதிக்க வைத்தேன். டிகாஷன் காபி போலக் கறுப்பாக இறங்கியது. மழை பெய்த மண்ணின் வாசனை, கூடவே லேசாகக் கருவாட்டு வாடை. கெட்டுப்போய்விட்டதா? இது என்ன தேயிலை, எப்படிக் குடிப்பது, உண்மையிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கலாமா?"

கெட்டுப்போகவில்லை. கட்டியின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு போல எதுவும் படர்ந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். இல்லையென்றால் தைரியமாகக் குடிக்கலாம். நீங்கள் சொல்லும் நிறம், மண்வாசனை, கருவாட்டு வாடை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பு-அர் தேயிலை. அதிலும் 'ஷோவ்' என்ற வகை. தயாராகி ஓரிரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த வாடைக்குக் காரணம் தேயிலை பழசானது அல்ல, அது இன்னும் புதுசாக இருப்பது. பு-அர் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் தடுமாறும் இடமே இதுதான். 'நொதித்தது' வேறு, 'பழசானது' வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பணம்தான் போகும்.

நான் குவாங்ஜோவில் ஆறு வருடம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபாங்சுன் தேயிலைச் சந்தைக்குப் போய்விடுவேன். தெருத்தெருவாகத் தேயிலைக் கடைகள் மட்டுமே இருக்கும் இடம் அது. கடைக்காரர்கள் வாங்கச் சொல்லி நெருக்க மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நாம் வாயில் வைத்து என்ன முகம் காட்டுகிறோம் என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டியை எடுப்பார்கள். அங்கே கற்றதும், சென்னைக்குத் திரும்பிய பிறகு இந்த வெக்கையில் தேயிலையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பவை.

பு-அர் என்பது சீனாவின் தென்மேற்கு மூலையில், பர்மா, லாவோஸ், வியட்நாம் எல்லைகளை ஒட்டிய யுன்னான் மாகாணத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். சுற்றுப்பட்டு மலைகளில் விளைந்த தேயிலையெல்லாம் அங்கே வந்து கைமாறியதால் ஊர்ப் பெயரே சரக்குக்கு வந்துவிட்டது. 1729இல், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு அங்கே தனியாக ஒரு நிர்வாகப் பகுதியை அமைத்து, அரண்மனைக்கும் திறையாகத் தேயிலை வாங்கியது. அந்தப் பழைய ஊர் இன்று நிங்-அர். பக்கத்தில் இருந்த சிமாவ் நகரம், தேயிலைக்கு இருந்த மவுசைப் பார்த்து 2007இல் பு-அர் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஹாங்காங்கிலும் குவாங்ஜோவிலும் கான்டனீஸ் பேசுபவர்கள் இதை 'போ லெய்' என்பார்கள். அங்கே காலையில் டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்கள் சாப்பிடப் போய் உட்கார்ந்தால் பரிமாறுபவர் முதலில் கேட்பது என்ன தேநீர் வேண்டும் என்றுதான். வயதானவர்கள் யோசிக்காமல் போ லெய் என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணெயும் கொழுப்பும் உள்ள சாப்பாட்டுக்கு அது அப்படிப் பொருந்தும்.

செடி நமக்குத் தெரிந்ததுதான். அசாம் தோட்டங்களில் இருக்கும் அஸ்ஸாமிகா என்ற பெரிய இலை இனமே யுன்னான் மலைகளிலும் இருக்கிறது. வால்பாறையிலும் கூடலூரிலும் இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்திய தேயிலைச் செடியைப் பார்த்தே பழகிய நமக்கு, அது தானாக வளரவிட்டால் மரமாகிவிடும் என்பது மறந்தே போய்விடும். யுன்னானில் ஆள் ஏறிப் பறிக்கும் தேயிலை மரங்கள் உண்டு. ஜிங்மாய் மலையில் ப்லாங், டாய் (Dai) என்ற இனமக்கள் காட்டு மரங்களின் நிழலிலேயே தேயிலையை வளர்த்து வந்திருக்கிறார்கள். அந்தத் தேயிலைக் காடுகளை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யுன்னானில் விளைந்த பெரிய இலை, வெயிலில் உலர்த்தியதாக இருந்தால்தான் பு-அர் என்ற பெயரையே போடலாம் என்பது 2008இல் வந்த சீனத் தரநிலை.

சரி, நொதித்தல். நீலகிரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் யாரையாவது கேளுங்கள். இலையை வாட்டி, உருட்டி, அப்புறம் 'ஃபெர்மென்டேஷன்' செய்கிறோம் என்பார்கள். பெயர் அப்படி வந்துவிட்டதே தவிர, அங்கே நடப்பது நொதித்தல் அல்ல. நறுக்கிய ஆப்பிளும் வாழைக்காயும் காற்றுப் பட்டால் கறுக்கின்றனவே, அதுதான் அது. இலையில் இருக்கும் நொதிகளும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. பு-அரில் நடப்பது இட்லி மாவில் நடப்பதைப் போன்ற அசல் நொதித்தல். உயிருள்ள பூஞ்சையும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இலையைத் தின்று அதை வேறொன்றாக மாற்றுகின்றன.

அதற்கு இடம் கொடுப்பது இலையைப் பதப்படுத்தும் விதம். பறித்த இலையைக் கொஞ்ச நேரம் பரப்பி வாடவிடுவார்கள். பிறகு பெரிய இரும்புக் கடாயில் போட்டுக் கையால் புரட்டிப் புரட்டி வதக்குவார்கள். இலை உடனே கறுத்துவிடாமல் இருக்க இந்தச் சூடு. ஆனால் கிரீன் டீக்குச் செய்வது போல முழுக்க வறுத்து முடித்துவிட மாட்டார்கள். அடுத்து பாயில் போட்டுத் துணி துவைப்பது போல உருட்டிக் கசக்கி, வெயிலில் காயவைப்பார்கள். அடுப்பில் காய்ந்த இலை அப்படியே நின்றுவிடும். வெயிலில் காய்ந்த இலையில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும். பின்னால் நடக்கும் மாற்றமெல்லாம் அந்த மிச்சத்திலிருந்துதான். இப்படிக் காய்ந்த உதிரி இலைக்கு 'மாவ்ச்சா' என்று பெயர்.

உங்கள் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும். உதிரி இலையை எடைபோட்டு, ஓட்டை போட்ட தகரக் குவளையில் கொட்டி, சில நொடிகள் நீராவி காட்டுவார்கள். இலை குழைந்துவிடும். சூடாக இருக்கும்போதே துணிப்பையில் கவிழ்த்து, பையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, கனமான கல் அச்சின் கீழே வைத்து, அந்தக் கல்லின் மேல் ஓர் ஆள் ஏறி நின்று இடுப்பை அசைத்து அசைத்து அமுக்குவார். துணி முடிச்சு அழுந்திய இடம்தான் அந்தக் குழி. காகிதத்தை இன்னும் விலக்கினால் இலைகளோடு சேர்ந்து அழுந்திய ஒரு சின்னச் சீட்டும் இருக்கலாம். தயாரித்தவர் யார் என்பதற்கு அடையாளமாக அமுக்கும்போதே வைப்பது அது. கட்டியின் எடை பெரும்பாலும் 357 கிராம். ஏழு கட்டிகள் சேர்ந்தால் இரண்டரைக் கிலோ. ஏழையும் அடுக்கி மூங்கில் மட்டையில் சுற்றிக் கட்டுவது வழக்கம். கோவேறு கழுதையிலும் குதிரையிலும் ஏற்றி, தாலி, லிஜியாங் என்ற ஊர்கள் வழியாகத் திபெத் வரை மாதக்கணக்கில் போன சரக்கு இது. உதிரியாகப் போனால் பாதி தூளாகிவிடும். அதனால்தான் அமுக்கினார்கள். போகிற வழியில் மழையும் வெயிலும் பட்டு இலை மாறுவதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

மாவ்ச்சாவை அப்படியே அமுக்கினால் 'ஷெங்', அதாவது வேகாத பச்சை. புது ஷெங்கைக் குடித்தால் நீங்கள் இதைப் பு-அர் என்றே நம்ப மாட்டீர்கள். வெளிர் மஞ்சள் நிறம், பூ வாசனை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, பாகற்காய் போல ஒரு கசப்பு. பத்து வருடத்தில் ஆரஞ்சு நிறமாகும். இருபது, முப்பது வருடத்தில் செம்பழுப்பாகி, கசப்பு இறங்கி, பழைய தேக்குப் பெட்டியைத் திறந்தது போல, சில கட்டிகளில் சூடம் போலவும் ஒரு வாசனை வரும். நம் வீடுகளில் பழம்புளியைக் கல் உப்பு போட்டுப் பானையில் வைத்திருப்பார்கள். நார்த்தங்காய் வருடக்கணக்கில் கிடந்து கறுப்பாகும். புதுப்புளியின் வெடுக்கென்ற புளிப்புக்கும் பழம்புளியின் ஆழ்ந்த புளிப்புக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் புது ஷெங்குக்கும் பழைய ஷெங்குக்கும்.

அந்தப் பழசுக்கு எங்கிருந்து மோகம் வந்தது? ஹாங்காங்கிலிருந்து. அங்கே உணவகங்கள் மலிவான சரக்காகப் பு-அரை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் போட்டுவைத்தன. கடலோர ஊர், ஈரக்காற்று. தேயிலை வேகமாகக் கறுத்து மிருதுவானது. அதையே மக்கள் விரும்பிக் குடித்தார்கள். தேவை கூடியதும், இருபது வருடம் காத்திருக்க முடியாதே என்று ஹாங்காங் வணிகர்களும், குவாங்ஜோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்து வணிகர்களும் தண்ணீர் தெளித்து வேகப்படுத்திப் பார்த்தார்கள். 1973இல் யுன்னானின் தலைநகரான குன்மிங்கின் தேயிலைத் தொழிற்சாலையினர் குவாங்தோங் போய் அந்த வேலையைப் பார்த்துவந்து, யுன்னான் தண்ணீருக்கும் இலைக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஷோவ்', அதாவது பழுத்தது அல்லது வெந்தது. எழுபதுகளின் மத்தியில் மெங்ஹாய் தொழிற்சாலையும் அதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது.

முறைக்குப் பெயர் 'வோ துய்'. நம் ஊர்க் குப்பை உரம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். டன் கணக்கில் மாவ்ச்சாவைச் சிமென்ட் தரையில் முழங்காலுக்கு மேல் உயரமாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடிவிடுவார்கள். ஒரு நாளிலேயே உள்ளே சூடேற ஆரம்பிக்கும். கையை விட்டால் வைத்திருக்க முடியாத அளவுக்கு, 50, 60 டிகிரி வரை போகும். அதற்கு மேல் போனால் இலை கருகிவிடும். எனவே குறிப்பிட்ட நாளைக்கு ஒருமுறை குவியலை உடைத்துக் கிளறி, ஆறவைத்து, மறுபடி குவிப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு மாதம் இப்படிப் போகும். உள்ளே வேலை செய்வதில் முக்கியமானது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை. அதோடு ஈஸ்ட்டுகளும் சேர்ந்து, துவர்ப்புத் தரும் கேட்டக்கின்களைத் தின்று தீர்க்கின்றன. தியாபிரவுனின் என்ற பழுப்பு நிறப் பொருள் கூடுகிறது. உங்கள் டம்ளரில் காபி நிறத்தில் இறங்கியது அதுதான். இவ்வளவு பெரிய குவியல் ஈரத்தில் கிடந்து எழுந்தால் வாடை இல்லாமல் எப்படி இருக்கும்? சீனாவில் அதைக் 'குவியல் வாடை' என்றே சொல்கிறார்கள். மீன் வாடை, ஈரமண், பழைய கோணி. காற்றுப்பட வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் போய்விடும். உள்ளே இருக்கும் பேரீச்சம்பழ, கருப்பட்டி இனிப்பு அதன் பிறகுதான் வெளியே வரும்.

ஆக, ஷோவ் என்பது பழைய ஷெங்கின் நகல் அல்ல. அந்த நோக்கத்தில் ஆரம்பித்தார்கள், வந்தது வேறொன்று. நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். குடித்தால் தெரிந்துவிடும். ஷோவ் கஞ்சி போல வழவழப்பாக, மண்ணும் மரமுமாக இறங்கிவிடும். பழைய ஷெங் தொண்டையில் ஒரு வேலை செய்யும். இதைச் சொல்லாமல் பு-அர் அறிமுகம் முழுமையாகாது. நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்குமே, அதைச் சீனர்கள் தேநீரில் தேடுகிறார்கள். 'ஹுய் கான்', திரும்பி வரும் இனிப்பு என்று பெயர். முதலில் கசக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியிலும் தொண்டையிலும் மெல்ல ஊறி இனிக்கும். ஃபாங்சுனில் ஒரு கடைக்காரர் ஷெங் ஒன்றை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கிண்ணம் ஊற்றாமல் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று புரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து வாய் முழுக்க இனித்தது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற நெல்லிக்காயும், அப்புறம் குழாயடியில் குடித்த தண்ணீரும்தான். நம் நாக்குக்கு இது புதிய சுவையே அல்ல. தேயிலையில் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவே.

இனி பணம். காகிதத்தில் நாலிலக்க எண் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 7542, 7572 போல. முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான வருடம். 75 என்றால் 1975. மூன்றாவது இலையின் தரம். எண் சின்னதாக இருந்தால் இலையும் சின்னது. கடைசி எண் தொழிற்சாலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 ஷியாகுவான். 7542 ஷெங் கலவை, 7572 ஷோவ் கலவை, இரண்டும் மெங்ஹாயுடையவை. இன்றும் தயாராகின்றன. அதனால் 7572 என்று இருப்பதைக் காட்டி யாராவது இது 1975ஆம் வருடச் சரக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தயாரித்த தேதி காகிதத்தின் பின்பக்கம் சின்னதாகத் தனியாக இருக்கும்.

நான் அப்படி ஏமாந்திருக்கிறேன். போன முதல் வருடமே, சந்தைக்கு வெளியே ஒரு கடையில், முப்பது வருடத்து ஷெங் என்று ஒரு கட்டிக்கு அரைமாதச் சம்பளம் கொடுத்தேன். காகிதம் பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்து, பார்க்கப் பழசாகவே இருந்தது. அறைக்கு வந்து ஊற்றினால் வாயில் ஈரச்சுவரை நக்கியது போல ஒரு பூசணச் சுவை, திரும்பி வரும் இனிப்பு என்ற பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் குடிக்கவே இல்லை. ஊறிய இலையைக் கைவான் என்ற மூடி போட்ட கிண்ணத்திலிருந்து எடுத்து, விரலால் தேய்த்துக் காட்டினார். நன்றாகப் பழசான ஷெங் இலை பழுப்பாக, தோல் போல மெத்தென்று விரியும். இது கறுத்து விறைத்துப்போய், தேய்த்ததும் பொடிந்தது. புதுக் கட்டியை ஈரக் கிடங்கில் போட்டுப் பழசாக்கியது என்றார். அன்றிலிருந்து காகிதத்தை நான் நம்புவதில்லை. ஊறிய இலையைப் பார்க்காமல் பழைய கட்டி எதையும் வாங்கியதும் இல்லை.

விலை விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2000க்குப் பிறகு பு-அரைப் பங்கு வாங்குவது போல வாங்கி அடுக்கினார்கள். 2007 வசந்தம் வரை ஏறிய விலை, அதன் பிறகு சில மாதங்களிலேயே சரிந்தது. கடன் வாங்கி இருப்பு வைத்தவர்கள் பலர் மூழ்கிப்போனார்கள். லாவோ பான்ஜாங், பிங்தாவ் என்று சில மலைக்கிராமங்களின் பெயருக்கு இப்போதும் தங்க விலை. அந்தப் பெயர் போட்டு விற்கும் சரக்கு எல்லாம் அந்தக் கிராமத்தில் விளைந்திருக்க வாய்ப்பே இல்லை. பழசாக ஆக விலை ஏறும் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. நல்ல இலையாக இருந்து, நல்ல இடத்தில் இருந்தால் ஏறும். மட்டமான கட்டியை முப்பது வருடம் வைத்தாலும் முப்பது வருடத்து மட்டமான கட்டிதான். அதிலும் ஷோவ் ஐந்து, பத்து வருடத்துக்குப் பிறகு பெரிதாக மாறுவதில்லை. வைத்துப் பார்க்க ஆசை என்றால் ஷெங் வாங்குங்கள். குடிக்க ஆசை என்றால் உங்களிடம் இருப்பதே போதும்.

குடிக்கும் முறை. நீங்கள் கொதிக்க வைத்ததுதான் முதல் தவறு, அதுவும் புது ஷோவை. கட்டியைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், கையால் பிய்க்காதீர்கள். மழுங்கிய கத்தியையோ கோணி ஊசியையோ ஓரத்தில் பக்கவாட்டாகச் செருகி, மெல்ல நெம்பினால் இலை முறியாமல் அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். ஊசி முனைக்கு நேரே மற்றக் கையை வைக்க வேண்டாம். 5 கிராம் எடுங்கள். சீனக் கைவான் இல்லையென்றால் மூடி போட்ட எந்தப் பீங்கான் கோப்பையும் போதும், 100 அல்லது 120 மில்லி பிடிக்கிறதாக இருந்தால் நல்லது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, பத்து நொடியில் வடித்துக் கொட்டிவிடுங்கள். ஷோவ் என்றால் இரண்டு முறை. தூசியும் போகும், இறுகிய இலையும் விரியும், குவியல் வாடையும் குறையும். மூன்றாவது ஊற்றிலிருந்து குடிக்கலாம். பத்து நொடி ஊறவிட்டு முழுவதையும் வடித்துவிட வேண்டும். இலையைத் தண்ணீரில் கிடக்க விடக் கூடாது. அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். ஒரே இலையில் எட்டு, பத்து முறை வரும். இந்த வகைத் தேநீரின் ருசியே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. முதலில் மண், நாலாவதில் பேரீச்சம்பழம், எட்டாவதில் வெறும் இனிப்பு நீர். கடைசியில் களைத்த இலையைத்தான் அடுப்பில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் இல்லாத காலையில் நான் செய்வது: 3 கிராம் ஷோவை அலசிவிட்டு, அரை லிட்டர் பிளாஸ்கில் போட்டுக் கொதிநீர் ஊற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விடுவேன். மதியம் வரை தாங்கும். ஷெங்கை இப்படிச் செய்தால் வாயில் வைக்க முடியாது.

பால் ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஊற்றலாம். திபெத்தில் இந்த மாதிரிக் கட்டித் தேயிலையைக் காய்ச்சி, வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து குடிக்கிறார்கள். மங்கோலியாவில் பாலும் உப்பும். ஷோவ் பாலைத் தாங்கும். ஷெங்கில் ஊற்றினால் திரும்பி வரும் இனிப்பு போய்விடும், அது மட்டும் வேண்டாம்.

எடை குறையும், கொழுப்பு கரையும் என்று விற்கிறார்களே என்றால், அப்படி ஒரு மருந்தாக நம்பி இதைக் குடிக்காதீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளிடம் செய்தவை. வெறும் வயிற்றில் புது ஷெங் குடித்தால் வயிறு புரட்டும், தலை கிறுகிறுக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுப்பது குறையும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். காஃபீனும் உண்டு, தூக்கம் பிரச்சினை என்றால் மாலைக்கு மேல் வேண்டாம்.

பத்திரப்படுத்துவது பற்றித்தான் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்மிங்கில், வறண்ட காற்றில், ஷெங் நிதானமாக மாறும். ஹாங்காங்கில் வேகமாக மாறும். சென்னை இரண்டாவது ரகம். என்னிடம் ஒரே வருடத்து ஷெங் கட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றை குன்மிங்கில் நண்பர் வீட்டில் விட்டுவந்தேன், ஒன்றை இங்கே கொண்டுவந்தேன். ஐந்து வருடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தபோது, இங்கே இருந்தது தேன் நிறத்தைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. குன்மிங்கில் இருந்தது இன்னும் மஞ்சளாகவே இருந்தது, வாசனை மட்டும் அதில் அதிகம். இந்த ஊர் வெப்பம் நமக்கு உதவிதான். ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் தாண்ட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60லிருந்து 70 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் தேயிலை பக்கத்தில் இருக்கும் எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சமையலறை கூடாது, சாம்பார்ப்பொடி வாசனையோடு குடிக்க வேண்டியிருக்கும். பூஜை அலமாரி கூடாது. பீரோ கூடவே கூடாது. வெளிச்சம் படாது, பத்திரம் என்று நினைத்து நல்ல கட்டி ஒன்றைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். அடுத்த தட்டில் அந்துருண்டை இருந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கட்டி முழுக்க அந்துருண்டை. அதை எதுவும் செய்து மீட்க முடியாது. இப்போது படுக்கையறைச் சுவரிலிருந்து தள்ளி வைத்த மர அலமாரியில், வாசனை இல்லாத கெட்டி அட்டைப்பெட்டியில் வைக்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் பெட்டியைப் பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் இறக்கிவிடுவேன். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெயிலும் படக் கூடாது. ஷெங்கையும் ஷோவையும் ஒரே பெட்டியில் போட்டால் ஷோவின் வாசனை ஷெங்குக்கு ஏறிவிடும், தனித்தனியாக வையுங்கள்.

பு-அர் பிடித்துப்போனால், நொதித்த தேயிலைகளில் அதற்கு உறவுக்காரர்கள் உண்டு. ஹூனான் மாகாணத்து ஆன்ஹுவா தேயிலையில் செய்யும் ஃபூ செங்கலை உடைத்தால் உள்ளே மகரந்தம் தூவியது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அது பூசணம்தான், ஆனால் வேண்டுமென்றே வளர்க்கும் நல்ல பூஞ்சை. அதைத் 'தங்கப்பூ' என்கிறார்கள். பு-அர் கட்டியில் பஞ்சு போலப் பூசணம் வந்தால் தூக்கி எறிய வேண்டும். இதில் தங்கப்பூ நிறைய இருந்தால்தான் மதிப்பு. தென் சீனாவின் குவாங்ஷிப் பகுதியில் செய்யும் லியூ பாவ் தேயிலையை மலேசியத் தமிழர்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கலாம். பேராக் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அந்த வெக்கைக்குக் குடித்தது அதுதான். கூடைகூடையாக அங்கே இறங்கி, கிடங்குகளில் மறந்துபோய்க் கிடந்த பழைய லியூ பாவைச் சீன வணிகர்கள் பிற்பாடு தேடி வந்து வாங்கிப் போனார்கள். ஈப்போ பக்கம் பழைய சீனத் தேயிலைக் கடை எதையாவது பார்த்தால் கேட்டுப் பாருங்கள். பாக்கு வாசனை வரும் லியூ பாவ் இருக்கிறதா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பாக்கு வாசனைதான் அதற்கு அடையாளம்.

உங்கள் கட்டிக்கு வருகிறேன். இப்போதே 50 கிராம் அளவுக்கு நெம்பி எடுத்து, வாய் அகன்ற பீங்கான் ஜாடியில் போட்டு, மெல்லிய துணியால் மூடி, இரண்டு வாரம் காற்றாட விடுங்கள். கருவாட்டு வாடையில் பாதி அதிலேயே போய்விடும். மீதிக் கட்டியை அதே காகிதத்தில், முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து வையுங்கள். காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இன்றைய தேதியைக் குறித்து வைத்து, அடுத்த வருடம் இதே மாதத்தில் ஒரு துண்டு உடைத்துப் பாருங்கள். பேனா வேண்டாம், மை வாசனைகூட இறங்கும்.